துரை வீட்டு வெயில் விளக்கு

வெயில்லயே வெந்து கெடக்கற விழுப்புரத்துல, வீட்டுக்குள்ள வெயில் அடிக்கிற விளக்குன்னு ஒண்ணைத் தூக்கினு வந்து ஒருத்தர் நின்னா, நீங்க நம்புவீங்களா? நான் நம்பல. தூக்கினு வந்தது சொந்த அக்கா புருஷன். அதனாலயே இன்னும் நம்பல.

அக்காவைத் திண்டிவனத்துல குடுத்திருந்தோம். கொழந்தை நடக்க ஆரம்பிச்ச சமயம், அக்கா கழுத்துல, காதுக்குக் கீழ, எலந்தப்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை வந்துச்சு. அவ்ளோதான். மாமியார் பார்த்த அன்னிக்கே தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. இது குஷ்டம் இல்லை, ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னதை அந்தம்மா காதுலயே வாங்கல. "வெள்ளை மறையட்டும், அப்பறம் வந்து புள்ளையத் தூக்கட்டும்"னு அக்காவை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. புள்ளை அங்க. அக்கா இங்க, தெருவுல எந்தக் கொழந்தை அழுதாலும் வாசலுக்கு ஓடிக்கினு.

மாமாவுக்குத் திண்டிவனத்துல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, ஆட்டற மில்லுல கிளார்க் வேலை. யுத்தம் முடிஞ்சு துரைங்க மூட்டை கட்டிக்கினு இருந்த நேரம். ஒரு துரை வீட்டுச் சாமான் ஏலத்துல புடிச்சேன்னு கோணியில சுத்தி ரயில்ல கொண்டாந்தாரு. அவுத்துப் பார்த்தா வளைஞ்ச கழுத்து, அலுமினியக் கிண்ணம் மாதிரி ஒரு மூஞ்சி, அதுக்குள்ள கண்ணாடிக் குழாய். கூடவே ரெண்டு கறுப்புக் கண்ணாடி.

"சீமையில வெயிலே கெடையாதாம்டா. வெள்ளைக்காரன் இது முன்னாடி படுத்துக்கினு ஒடம்பைக் கறுப்பாக்கிப்பானாம்."

"கறுப்பு அவ்ளோ புடிக்கும்னா நம்மள எதுக்கு மாமா கறுப்பன்னு திட்னான்?"

"அதை அவனைக் கேளு. நான் டாக்டரைக் கேட்டுட்டேன். இந்த மாதிரி வெள்ளைக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இதே லைட்டைத்தான் போடறாங்களாம்."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. எனக்குத்தான் இடிச்சுது. மாமாவுக்கு ரெண்டாங்கல்யாணம் பேசறாங்கன்னு திண்டிவனத்துக்காரன் ஒருத்தன் ரயில்ல என் காதுல போட்டிருந்தான். அந்த ஆளு இன்னாத்துக்கு ஜல்தியா விளக்கு தூக்கினு வரணும்?

நேரா டாக்டர் கிட்ட நானே போனேன். விஷயம் நெஜம்தான்னாரு. ஆனா வெளையாட்டு இல்லைன்னாரு. கறுப்புக் கண்ணாடி போடாம அந்த லைட்டைப் பார்க்கவே கூடாது, பக்கத்துல நிக்கிறவனும் சேர்த்து. ரெண்டு கையையும் நீட்டினா வர்ற தூரத்துல வைக்கணும். வெள்ளை இருக்கற எடத்தைத் தவிர மீதியைக் கெட்டித் துணியால மூடணும். மொதல்ல ஒரே நிமிஷம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். செவந்தா நிறுத்திடணும். தோல் மேல எண்ணெய், களிம்பு, ஒண்ணும் இருக்கக் கூடாது.

வீட்ல சயின்ஸ் படிச்சவன் நான்தான், அதனால நானே இன்சார்ஜ். கடிகாரத்தைக் கையில வெச்சிக்கினு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கினு நின்னேன். சுவிட்சைப் போட்டா மொதல்ல ஒரு முனகல், அப்பறம் ஊதா வெளிச்சம். மழைக்கு முன்னாடி இடி இடிச்சா வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. கூடத்துப் பல்லி கூட ஓடிப்போச்சு.

"எரியுதா?"

"இல்லடா. நீ மூஞ்சை அப்படி வெச்சிக்காத, அதுதான் பயமா கீது."

முதல் தடவை ஒண்ணும் ஆகல. ரெண்டாவது தடவையும் சரி. மூணாவது தடவை முடிஞ்சு மறுநாள் சாயங்காலம், அக்கா கழுத்து பழுத்த தக்காளி மாதிரி ஆகி, அதுக்கும் மறுநாள் பெரிய கொப்புளமா எழும்பிடுச்சு. தலையைத் திருப்ப முடியல. "இப்படியே போய் நின்னா புள்ளையக் கண்ணுலயும் காட்ட மாட்டாங்க"ன்னு ஒரே அழுகை.

தூரம் சரி. நேரம் சரி. துணி சரி. அப்ப விளக்குலதான் ஏதோ வேலை நடந்திருக்கு. மாமா வந்ததும் வராததுமா புடிச்சிக்கினேன்.

"இதை எடுத்தாரதுக்கு முன்னாடி நீங்க கழட்டினீங்கதானே?"

"ஆமா, கழட்டினேன்."

"இன்னாத்தை எடுத்தீங்க?"

"மூட்டைப்பூச்சியை. துரை வீட்டு மூட்டைப்பூச்சிடா, நல்லா கொழுத்துக் கெடந்துச்சு."

"வெளையாடாதீங்க. ரெண்டாங்கல்யாணப் பேச்சு எல்லாம் எனக்கும் தெரியும்."

சிரிச்சிக்கினு இருந்தவரு அப்படியே நின்னுட்டாரு. "பேசறது எங்கம்மா. நான் சரின்னிருந்தா இந்தக் கோணியை எதுக்குடா சுமந்துக்கினு வர்றேன்? சயின்ஸ் படிச்சா மச்சான்லாம் போலீஸ் ஆயிடுவீங்களா?"

பதில் நல்லாதான் இருந்துச்சு. எனக்குத்தான் அது ரொம்ப நல்லா இருந்த மாதிரி பட்டுச்சு.

அப்பறம் அக்கா கழுத்துல கட்டியிருந்த துணியை நான் மாத்தும்போது மூக்குல அடிச்சுது. கோமியம். மாட்டுக் கொட்டாயே இல்லாத வீட்ல கோமியம் எங்கேர்ந்து வரும்?

"அம்மாதான்டா," அக்கா மெதுவா சொல்லுச்சு. "காலையில காலையில தடவும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு."

முகையூர் பக்கத்து வைத்தியர் ஒருத்தர் குடுத்த கார்போகரிசி, ஒரு மூலிகை வெதை, கோமியத்துல அரைச்சது. இங்கிலீஷ் டாக்டர் கிட்ட நாட்டு மருந்துப் பேச்சையே எடுக்கக் கூடாது, திட்டுவாருங்கறது எங்க வீட்டு சட்டம். அதனால அக்காவை மொதல்ல காட்டப் போன அன்னிக்கு அவரு "வேற ஏதாச்சும் போடறீங்களாம்மா?"ன்னு கேட்டப்ப அம்மா கண்ணைக் கூட சிமிட்டாம இல்லைன்னுடுச்சு.

"நீ விளக்குப் போடறதுக்கு முன்னாடி சுத்தமாத் தொடச்சிட்டேன்டா. வெறும் வெளிச்சம் இன்னாத்தைப் பண்ணும்? மருந்துன்னு ஒண்ணு போட வாணாமா?"

அம்மாவைக் கூட்டினு போய் விஷயத்தைச் சொன்னதும், டாக்டருக்கு வந்த கோவத்துல ஸ்டெதஸ்கோப்பே கீழ விழுந்துடுச்சு. "அதைத் தடவிக்கினு வெயில்ல நின்னாலே கொப்புளிக்கும்மா! தொடச்சா மேல இருக்கறதுதான் போகும், உள்ள எறங்கினது போகுமா? இந்த லைட்டுல கழுத்தே வெந்துருக்கும்!" விளக்குக்கு அன்னியோட தடா போட்டாரு, அந்தக் கார்போகரிசிக்கும்தான்.

புண்ணு ஆற நாளாச்சு. ஆறினதும் பார்த்தா, வெள்ளை இருந்த எடம் கறுத்துப் போயிருந்துச்சு. நெஜமாவே. பக்கத்துத் தோலை விட ஒரு சாயை அதிகம்.

சேதி கேட்டு அக்கா மாமியார் வந்தாங்க. வெளிச்சத்துக்கு அக்காவை இழுத்து நிறுத்தி, கட்டை விரலைத் தண்ணியில தொட்டு அந்த எடத்தைத் தேய்ச்சாங்க, பாத்திரம் வெளக்கற மாதிரி.

"மையி கிய்யி இல்லியே?"

"நல்லா தேய்ங்க சம்பந்தி," அம்மா சொல்லுச்சு. "வேணும்னா சீயக்காயும் தர்றேன்."

அந்தம்மா விரலைப் பார்த்தாங்க. மோந்து கூடப் பார்த்தாங்க. அப்பறம்தான், "கெளம்பட்டும்"னாங்க. அன்னிக்கே மத்தியான வண்டியில அக்கா கெளம்பிடுச்சு, கால்ல செருப்புக் கூட மாட்டல.

போன வாரம் திண்டிவனம் போயிருந்தேன். புள்ளை அக்கா இடுப்பை விட்டு எறங்க மாட்டேங்குது. அக்கா முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கினு இருந்துச்சு. இந்தப் பக்கம் இருந்த கறுப்பு அப்படியேதான் இருக்கு, தெரியுது. மூடியிருந்தது அந்தப் பக்கம், வெள்ளையே வராத பக்கம்.

"வேர்க்குதே, எடேன்."

"மாமியார் இருக்காங்கடா, மரியாதைக்கு."

மாமியார் அப்பதான் குளத்துக்குக் கெளம்பிப் போயிருந்தாங்க. வீட்ல நானும் அக்காவும் புள்ளையும்தான்.

வந்து அம்மா கிட்ட சொன்னேன். பரண்லேர்ந்து மிச்சம் இருந்த கார்போகரிசிப் பொட்டலத்தை எடுத்துச்சு. அம்மா இப்ப திண்டிவனம் போறதுக்குப் பை கட்டிக்கினு இருக்குது.