ரப்பர் தோட்டத்தில் பிராட்பேண்ட்

பிராட்பேண்ட் தொழிலைப் பற்றிச் செய்திமடல் நடத்துவோருக்கென ஒரு தனித்துன்பம் உண்டு: வாசிப்பவர்களும் செய்தியில் வருபவர்களும் ஒரே ஆட்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சிறு கேபிள்காரர்களுக்காக, இயற்பியல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், தமிழில் ஒரு மாத மடல் நடத்திவருகிறேன். இத்தகைய மடல்களை நடத்தி அவதியுறுவோருக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது.

காகிதம்

இணையத்தைப் பற்றிய மடலை ஏன் காகிதத்தில் அச்சிடுகிறேன் என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியைக் குளத்தூர் கேபிள்காரர் ஒருவரிடமே ஒப்படைத்தேன். "கடலாசில வருதது நல்லதாக்கும் டீச்சரே. லைன் போனா ஆளுவ விளிச்சு ஏசும். போனை அணைச்சு வச்சிட்டு வாசிக்க இதொண்ணுதான் உண்டு."

முதல் பக்கம்

வளைகுடா வேலையை விட்டுவந்து ஆரியங்கோட்டில் இத்தொழிலில் இறங்கியவர் ஜெஸ்டின். மின்கம்பங்களில் அனுமதி கிடைக்கத் தாமதமானதால், ஒரு ரப்பர் தோட்டத்து மரங்களிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மரங்களை வெட்டும் நாளில் அப்பகுதி முழுவதும் இணைப்பிழக்கும். சாலை முக்கில் குடை விரித்து ஆள் பிடிக்கக் காத்திருக்கும் பெரிய இணைய நிறுவனம் அவ்வீடுகளை அள்ளிக்கொள்ளும். ஜெஸ்டினுக்குத் தொழிலே இராது. இதைப் பெயர் குறிப்பிடாமல், 'மரம் தூணல்ல' என்ற தலைப்பில், புகைப்படத்துடன் முதல் பக்கத்தில் வெளியிட்டேன். மடல் கிடைத்த அன்றே ஜெஸ்டின் தொலைபேசியில் வந்தார்.

"பேரு எழுதல்ல டீச்சரே, செரி. ஆனா படத்தில எனக்க ஸ்கூட்டரு நிக்குதே! நம்பரு வரைக்கும் தெளிவா கிடக்குது."

கம்பி யாருடையது

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் படம் தோட்டத்தின் உரிமையாளர் தங்கையனின் கைக்குப் போனது. மறுநடவுக்காக மரங்களை வெட்ட அவர் அப்போதே ஆள் பேசியிருந்தார். கறுப்புக் கம்பியை நாள்தோறும் பார்த்தவர்தாம். கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய சபையார் அவிழ்க்க மறந்தது என்று எண்ணி, ரப்பர் பால் வெட்டுகிறவர் அதைத் தொடக் கூடாதென்றும் கண்டித்து வைத்திருந்தார். தூண் நடும்வரை அவகாசம் கேட்டு ஜெஸ்டின் போனபோது, செய்தியின் தொடர்ச்சிக்காக நானும் சென்றேன்.

"எலே, இவ்வளவு நாளும் கர்த்தருக்க கம்பியிண்ணுல்லா தொடாம விட்டேன்! உனக்க கம்பியா இது? திங்கக்கிழமை வெட்டு. போ."

வெட்டு நாள்

திங்களன்று மரம் வெட்டுவோர் இயந்திர வாளுடன் வந்தனர். ஜெஸ்டின் கம்பிக்கு அடியில் செய்வதறியாது நின்றார். அப்போது தங்கையனின் மனைவி ரோசம்மாள் கைப்பேசியை ஏந்தியபடி வீட்டிலிருந்து இறங்கிவந்தார். குவைத்தில் செவிலியராக உள்ள மகள் அதில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சும் இதே கம்பி வழியாகத்தான் வருகிறது என்பது தங்கையனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மரத்தை வெட்ட வேண்டாம்ணு நான் சொல்லல்ல. மொவ பேசி முடிக்கட்டு, பொறவு வெட்டும்," என்றார் ரோசம்மாள். வெட்டுகாரர்களின் தலைவர் சிறிது நேரம் அப்பேச்சைக் கேட்டுவிட்டு, வாளைத் தரையில் வைத்தார்.

"இது தீருமுன்னே மிஷின் துருப்பிடிச்சிரும் அண்ணே."

திருத்தம்

தங்கையன் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்லர்; தோட்டம் அன்றே வெட்டப்பட்டது. கம்பி ஓடிய ஒரு வரிசை மட்டும், கொப்பெல்லாம் கழிக்கப்பட்டு மொட்டையாக நின்றது. எந்த வீடும் இணைப்பிழக்கவில்லை. முக்கில் நின்ற நிறுவனத்து ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு போயினர். பின்னர் ஜெஸ்டின் என் வீட்டுக்கு வந்து, மரமும் தூணாக நிற்கிறதே, திருத்தம் வெளியிட வேண்டாமா என்று கேட்டார். செய்தியில் பிழையில்லை என மறுத்தேன். உடன்வந்திருந்த தங்கையன் என் பக்கமே நின்றார்.

"டீச்சர் எழுதினது செரியாக்கும் மக்கா. மரம் தூணல்ல. அதனாலதான் தலையை வெட்டித் தூணாக்கி வச்சேன்."

திருத்தம் வெளியிட மறுத்துச் சற்றே பொறுத்திருந்தால், ஊர் தன்னையே செய்திக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் என்பதே இத்தொழிலில் நான் கண்ட ஒரே வசதி.