நான்காவது கிண்ணம்

ஊரே பாலில் தண்ணீரைத் தேடும்போது, பாலில் சண்டையைத் தேடுவது என் உத்தியோகம். சித்தூரில் ஒரு கால்நடைப் பரிசோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்தே கழுத்து போனவள் நான். உங்களுக்கும் இதே கழுத்து இருந்தால், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

கெட்டிப் பால்

நகரிப் பக்கத்துக் கிராமம். கனகம்மாவின் மாடு செவ்வந்திக்கு மடி வீங்கியிருந்தது. மாதக் கடைசிக்குள் வீக்கம் வடியாவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்று அவர் புருஷன் முனிரத்தினம் சொல்லிவிட்டார். கனகம்மா அழுது முடித்த முகத்தோடு நின்றார்.

நான்கு காம்புப் பாலையும் நான்கு கிண்ணம் பதித்த தட்டில் தனித்தனியாகப் பீய்ச்சி, சோதனை மருந்து ஊற்றி ஆட்டினேன். மூன்று கிண்ணத்தில் பால் தண்ணீராக ஓடியது. நான்காவதில் கூழாகத் திரண்டது. மடிக்குள் கிருமி நுழைந்தால் அதை விழுங்க வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும். அந்தக் கூட்டம்தான் இப்படித் திரளும். நோய் உறுதி. நான் வாயைத் திறக்குமுன் கனகம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "யோவ், இங்க வந்து பாரு! பாலு இன்னா கெட்டியா கீது, இவளைப் போயி விக்கணும்ன்றியே!"

நீலப் புள்ளிகள்

கூடத்துக்குத் திரும்பி, அந்தப் பாலில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றிப் பார்த்தேன். நீலம் நீலமாக வெள்ளணுக்கள், திருமலைக் கியூ மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. சிலவற்றின் வயிற்றில், விழுங்கிய கிருமிகள் மணி மணியாகத் தெரிந்தன. சில உடைந்து கிடந்தன. யாரும் ஏவாமல் இரத்தத்திலிருந்து இறங்கி வந்து, ஒரு மாட்டு மடியின் இருட்டுக்குள் பேர் தெரியாமல் சாகிறார்கள். ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் எங்கேயோ போய்விட்டன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, எங்கள் கால்நடை டாக்டர் பின்னால் வந்து நின்றார். "கனவு அப்புறம் காணலாம்மா, உன் சிப்பாய்ங்க தோத்துக்கினு கீறாங்க, மருந்து போடணும்."

பாசம்

டாக்டர் என்னோடு கிராமத்துக்கு வந்து காம்புக்குள் மருந்து ஏற்றினார். ஆனால் கிருமி எப்படி நுழைந்தது? கனகம்மா கறப்பதைப் பார்த்தேன். கறக்கும்போதே தவிட்டை முழுக்க வைத்துவிடுவார். கறந்ததும் தரையில் தண்ணீர் தெளித்து, செவ்வந்தியைக் குளுகுளுவென்று படுக்க வைத்து நெற்றியைத் தடவுவார். பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. வந்த வேலையே மறந்துபோனது.

பிறகுதான் சொன்னேன். கறந்த காம்பின் வாய் மூட அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் ஈரத் தரையில் படுத்தால் கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. உள்ளே வெள்ளணுக்கள் எவ்வளவைத்தான் சமாளிக்கும்? கறந்த பிறகு புல் போடுங்கள், நின்றுகொண்டே தின்னட்டும். கனகம்மா ஈரத் தரையைக் காலால் தேய்த்தார். "களைச்சிப் போயிருப்பாளேன்னுதாம்மா படுக்க வெச்சேன்."

தூறல்

மாதக் கடைசியில் சாயங்காலக் கறவைக்கு முன் தட்டோடு போனேன். நான்கு கிண்ணத்திலும் பால் தண்ணீராக ஓடியது. கனகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கறந்து முடித்ததும் முனிரத்தினத்திடம் சொல்லத் தேடினேன். செவ்வந்தி பக்கத்தில், தூறலில் நனைந்தபடி, ஒவ்வொரு பிடியாகப் புல் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் முட்டி மடக்கும்போதெல்லாம் மெல்லத் தட்டி எழுப்பினார். சந்தை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சந்தை கெடக்குது மேடம், கதவு மூடற வரிக்கும் நான் நவுரமாட்டேன்."

இத்தனை வருஷமாகக் கழுத்தொடியக் குனிந்து காவல்காரர்களைத் தேடிய எனக்கு, அவர்களில் ஒருவர் லுங்கி கட்டிக்கொண்டு புல்கட்டோடு வெளியே நிற்பார் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.