படிக்காமல் சொன்ன ஓடிபி

கோவில்பத்தில் குடியிருந்துகொண்டு காரைக்காலில் அலுவலக வேலை பார்க்கிறேன். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஒரு கணினி மையத்துக்குப் போனேன்.

"ஓடிபி மட்டும் சொல்லுங்கக்கா, ரீஃபண்டு வந்துடும்" என்றார் மையக்காரர். சொன்னேன், வந்தது. அதில் மகனுக்கு சைக்கிள் வாங்கினேன்.

இரண்டு மாதத்தில், வரிக்கழிவுக்கு ஆதாரம் கேட்டு வரித்துறையிலிருந்து செய்தி வந்தது. தாக்கல் செய்த படிவத்தை அப்போதுதான் திறந்து பார்த்தேன். மாற்றுத்திறனாளி மகனை நான் பராமரிப்பதாக மையக்காரர் கழிவு கோரியிருந்தார். மகனோ வாசலில் அந்த சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தான்.

மையத்துக்கு ஓடினேன். "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா போடுறோம்" என்றார்.

"மாட்டுறது நான்தானேங்க?" என்று கத்திவிட்டேன்.

அன்றே ஆடிட்டர் மூலம் கணக்கைத் திருத்தி, ரீஃபண்டை வட்டியோடு கட்டி, அபராதத்துக்குத் தப்பினேன்.

இப்போது படிவம் முழுவதையும் படிக்காமல் ஓடிபி சொல்வதில்லை. அந்தப் பழைய படிவத்தை மட்டும் மகன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.