அத்தானின் நீலப் பிடிகள்

அக்கா பேத்தியின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில், தோளருகே பதிந்திருந்த கரிய விரல் தடங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த என் அத்தான், அவளைத் தட்டிக்கொடுத்த கையின் தடங்கள் அவை. அவருடைய ஊன்றுகோல்களின் பிளாஸ்டிக் பிடிகள் உடைந்துபோக, ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறைக்காரர் அலுமினியத்தில் கடைந்து கொடுத்திருந்தார். உறுதியான பிடிகள்தான், ஆனால் வியர்வை பட்டால் உள்ளங்கை கறுத்துவிடும். துணி சுற்றினால் வழுக்கும். அந்தச் சட்டையைப் பார்த்த நாளிலிருந்து அத்தான் யாரையும் தொடுவதில்லை. குழந்தை அருகில் வந்தால் கைகளை மடிக்குள் மறைத்துக்கொள்வார். கால் போனபோதுகூட அவர் இவ்வளவு ஒடுங்கியதில்லை.

என் அக்கா பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில், உலோகங்களுக்குப் பூச்சு ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அலுமினியத்தை அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன்மேல் கெட்டியான படலம் உண்டாகும், சாயமும் ஏறும், பிறகு கறுக்காது என்றாள். வீட்டுப் பின்சந்தில், காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் வாளி, ஈயத் தகடு, பேட்டரி ஆசிட், பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, என்னைக் கதவுக்கு உள்ளேயே நிற்கச் சொன்னாள். என்ன நிறம் வேண்டுமென்று அத்தானைக் கேட்டாள். தான் ஓட்டிய லாரியின் நீலம் என்றார் அவர்.

முதல் முறை மின்கம்பி தளர்ந்து, சாயம் திட்டுத்திட்டாக ஏறியது. அத்தான் பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“விடுலா. கறுத்தா கறுக்கட்டும். நான்தான் யாரையும் தொடறதில்லையே.”

“அதனாலதான் விட முடியல,” என்றாள் அக்கா.

காஸ்டிக் சோடாவில் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். இம்முறை சாயம் ஏற்றி, அது நிலைக்கக் கொதிநீரில் போட்டெடுத்தபோது, இரண்டு பிடிகளும் ஒரே நீலமாக இருந்தன. அத்தான் சந்தின் கோடிவரை நடந்து திரும்பினார். வெள்ளைத் துண்டில் உள்ளங்கையை அழுத்தித் துடைத்தார். துண்டில் கறையில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, அவள் கன்னத்தில் கையை வைத்தார். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார்.

அவர் இப்போது இல்லை. போன மாதம் அடுத்த தெருவில் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி வந்து, ஊன்றுகோல்கள் கிடைக்குமா என்று தயங்கியபடி கேட்டார். அக்கா உள்ளே போய் எடுத்து வந்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

“அண்ணனுக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுட்டு வாங்க. இது என் வீட்டுக்காரரோட கலர்.”

பச்சை என்று பதில் வந்தது. அக்கா பிடிகளைக் கழற்றிக் காஸ்டிக் சோடாவில் போட்டாள். நீலம் முழுவதும் கரைந்து வெறும் அலுமினியம் தெரியும்வரை வாளியைவிட்டு நகரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பிறகு அவள் பச்சைச் சாயத்தைக் கலக்க ஆரம்பித்தாள்.