மெட்டு வராத எங்கள் அக்கா

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் எப்படியோ ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரைப் பரமத்தி வேலூர் கொடிக்கால் வீட்டு அம்மாவாகத் தெரியும். சிலருக்குப் பசி நேரத்தில் இலை போட்டவராகத் தெரியும். அக்காவைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு சங்கதி, அவருக்குப் பாட வராது என்பது. வெற்றிலை அடுக்கும்போதும் அடுப்படியிலும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சொற்கள் தெரிந்த பாட்டாக இருக்கும், மெட்டு மட்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். தங்கை மேடையில் பாடிப் பிழைக்கிறாள், அக்காவுக்குச் சாமி இப்படிக் காதைக் கொடுத்துவிட்டதே என்று என்னிடமே வருத்தப்பட்டவர்கள் உண்டு.

அக்கா இருந்தவரை இதற்குப் பதில் சொல்ல அவர் என்னை விடவில்லை. இப்போது தடுக்க ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன். இந்த ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். அக்கா பாடும் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும்.

அக்கா பிறந்தது நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊரில். வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில். அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் தொடங்கிவிடும், வீட்டுக்குள் பேசுவதென்றாலும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அம்மா சீக்கிரமே போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு உலை வைக்கவும் எனக்குத் தலை பின்னவும் உட்கார்ந்தார். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். தலை பின்னும்போது இருவரும் பாடிக்கொண்டே இருப்போம். பின்னல் முடிவதற்குள் பாட்டு முடியாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார்.

அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜோசப் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தெருக்காரர். மாதா கோயிலில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். அங்கே ஒரே பாட்டை நான்கு பேர் நான்கு விதமான குரலில் ஒன்றாகப் பாடுவார்கள் என்றும், அதைப்போலச் சினிமாப் பாட்டுகளை வாத்தியம் இல்லாமல் வெறும் குரலால் பாடும் குழு ஒன்று தொடங்க ஆசை என்றும் அப்பாவிடம் சொன்னார். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தின் காதர் அண்ணன் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். பெண் குரல் இரண்டு வேண்டும் என்றார் ஜோசப் அண்ணன். அக்கா கூடவே இருப்பாள் என்ற தைரியத்தில் அப்பா என்னையும் அனுப்பினார்.

எங்கள் குழு பாடிய விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவர் மெட்டைப் பாடுவார். அதே நேரத்தில் இன்னொருவர் அதே சொற்களை மூன்று சுரம் கீழே தள்ளி, வேறொரு பாதையில் பாடுவார். அதைச் 'செகண்ட்' என்போம். சேர்த்துக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். செகண்டை மட்டும் தனியாகக் கேட்டால், பாட்டைத் தப்பாகப் பாடுகிறார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஜோசப் அண்ணன் முதலில் என்னைத்தான் செகண்ட் பாட வைத்துப் பார்த்தார். அக்கா மெட்டை எடுத்ததும் நான் வழுக்கிக்கொண்டு அவர் மெட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். எத்தனை முறை பாடினாலும் அதே கதை. பிறகு என்னை மெட்டைப் பாடச் சொல்லி, அக்காவைக் கீழே பாடச் சொன்னார். அக்கா அசையவே இல்லை. நான் என் பாட்டுக்கு மேலே போக, அவர் தன் பாதையிலேயே கூட வந்தார். ஜோசப் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மெட்டு யாரையும் இழுத்துரும் பாப்பா. இழுத்த பக்கம் போகாம நிக்கறதுக்குத்தான் காது வேணும். அது உங்க அக்காவுக்கு இருக்கு."

அன்று முதல் நான் மெட்டு, அக்கா செகண்ட். எங்கள் நால்வரில் காது சுத்தமாக இருந்தது அக்காவுக்குத்தான் என்பதை உறவினர்கள் தயவுசெய்து இனியாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாண வரவேற்பு, கோயில் விழா என்று சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் போனோம். நாமகிரிப்பேட்டையில் ஒரு திருவிழாவில் நாங்கள் மேடையேறி நின்ற பிறகும் மைக்கை யாரும் போடவில்லை. கேட்டால், விழாக் கமிட்டிக்காரர், "வாத்தியமெல்லாம் வேன்ல வருதுங்களா, வரட்டுங்க" என்று நிதானமாக உட்கார்ந்திருந்தார். வாத்தியமே கிடையாது என்றதும் அவர் முகம் போன போக்கைக் காதர் அண்ணன் இன்றும் நடித்துக் காட்டுவார். ஜோசப் அண்ணனே எழுதி மெட்டமைத்த ஒரு தொடக்கப் பாட்டு எங்களுக்கு உண்டு. எந்த ஊரிலும் அதைப் பாடிவிட்டுத்தான் மற்றது. மூன்று சரணம். முதல் சரணம் முடிவதற்குள் அந்த ஊர் அடங்கிப்போய்க் கேட்டது. கமிட்டிக்காரரும் எழுந்து நின்றுவிட்டார்.

ஒரே மைக்தான். மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் நான் மைக்குக்கு நேராக நிற்பேன். அக்கா ஓரடி பின்னால் என் வலது தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் மூச்சு என் காதில் படும். முடிந்ததும் முன்னால் நின்று பாடிய பெண் யார் என்றுதான் விசாரிப்பார்கள். அக்கா என் பின்னலைச் சரிசெய்து, என்னை முன்னால் தள்ளிவிடுவார்.

அக்காவின் கல்யாணத்தோடு குழு கலைந்தது. ஜோசப் அண்ணன் வேறு ஆளைத் தேடிப் பார்த்தார், யாரும் நிலைக்கவில்லை. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த மாமா, தங்கமான மனிதர். பாட்டுக்காரப் பெண் என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். கல்யாணம் ஆன வாரத்தில் விருந்து வீடு ஒன்றில் மணப்பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. புது ஊர், புது முகங்கள். அக்கா கண்ணை மூடிப் பாடத் தொடங்கியதும், வருஷக்கணக்காகப் பாடிப் பழகியது எதுவோ அதுவே வாயில் வந்துவிட்டது. மெட்டு இல்லாமல் செகண்டை மட்டும் பாடியிருக்கிறார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களாம். "பாட்டுக்காரப் புள்ளைன்னாங்க, மெட்டே வரலையே" என்று அக்காவின் மாமியார் மாமாவிடம் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கேள்விப்பட்டு எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லோரிடமும் விளக்கிச் சொல்கிறேன் என்று பரமத்தி வேலூருக்கே போய் நின்றேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லி என்னாகுது அம்மிணி. நீ பக்கத்துல நின்னு பாடினாத்தான் அது பாட்டு. நீ சேலத்துல இருக்கற. நான் ஒருத்தியாப் பாடினா அது தப்புத்தான்."

அதன் பிறகு அக்கா யார் முன்னாலும் பாடவில்லை. முணுமுணுப்பை மட்டும் விடவில்லை. அவர் மனதுக்குள் எப்போதும் மெட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதற்குச் சரியாகத்தான் அவர் பாடிக்கொண்டிருந்தார். மேல் பாதி நமக்குக் கேட்கவில்லை.

மகன் சரவணன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது மாமா மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அழுது முடிப்பதற்குள் கொடிக்காலில் இறங்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் காற்றில் கொடி எல்லாம் சாய்ந்தது, ஒரு வருடம் வாடல் நோய் வந்து மொத்தமாகக் கருகியது. மறுபடி நட்டார். கூலிக்கு வந்த பெண்களுக்குச் சோறு போடாமல் தான் உண்டதில்லை. அவர்களில் ஒருவருக்குப் பிரசவ வலி கண்டபோது, சந்தைக்கு ஏற்றி வைத்த வெற்றிலையை இறக்கிப் போட்டுவிட்டு அந்த வண்டியிலேயே நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார். அந்த வாரத்து இலை வீணானதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

சரவணனையும் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள், மெட்டு தப்புகிறதென்று. தாயைப்போல மகன் என்று வீட்டில் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அத்தோடு அவன் பாடுவதை விட்டுவிட்டான். வளர்ந்து ரிக் வண்டிக்குப் போய், ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வடநாடெல்லாம் சுற்றினான். இன்று சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான்.

என் கச்சேரி பக்கத்து ஊர்களில் நடந்தால் அக்கா தவறாமல் வருவார். கடைசி வரிசையில்தான் உட்காருவார். மேடையிலிருந்து பார்த்தால் அவர் உதடு அசைவது தெரியும். ஒரு முறை அவர் பக்கத்தில் இருந்த அம்மாள் தொந்தரவு தாங்காமல் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனதையும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆயிரம் பேர் என் பாட்டைக் கேட்டார்கள். என்னோடு சேர்ந்து பாடியது அவர் ஒருவர்தான்.

கடைசி நாட்களில் நுரையீரல் கெட்டுப்போய் நாமக்கல் மருத்துவமனையில் இருந்தார். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. பேச முடியாது. என் கையைப் பிடித்துக் கண்ணாலேயே ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது. காதோரம் குனிந்து எங்கள் தொடக்கப் பாட்டைப் பாடினேன். முழுதும் பாடினேன். எனக்குக் கீழே சேர்ந்து வரும் குரல் இல்லை. அவர் கண் மட்டும் கூடவே வந்தது. மறுநாள் காலையில் போய்விட்டார். நாற்பது வருடம் மேடையில் நின்றிருக்கிறேன், அன்று போல் தனியாகப் பாடியதில்லை.

காரியங்கள் முடிந்ததும் அவர் குரலைத் தேடத் தொடங்கினேன். காதர் அண்ணன் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் பாடியதை யாரோ கேசட்டில் பிடித்திருந்தார்கள். பரணில் கிடந்ததை அவரே எடுத்துவந்தார். சேலத்தில் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து கேட்டோம். நான் இருக்கிறேன். காதர் அண்ணன் இருக்கிறார். ஜோசப் அண்ணன் குரல் கூட அங்கங்கே கேட்கிறது. மைக்குக்கு ஓரடி பின்னால் நின்ற அக்கா இல்லை. கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், பந்தியில் இலை போடும் சத்தம்தான் கூடியது. ஜோசப் அண்ணன் போய்ப் பல வருடமாகிறது. அக்கா பாடியது எப்படிப் போகும் என்று காதர் அண்ணனைக் கேட்டேன். தன் பாகத்தை முணுமுணுத்துப் பார்த்தார். "அது எப்பவும் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. தனியாக் கவனிக்கத் தோணலை" என்றார். நானே சுரம் போட்டுப் பார்த்தேன். பொருந்தத்தான் செய்தது. ஆனால் அது நான் போட்ட கணக்கு, அக்கா பாடியது அல்ல.

போன மாதம் இந்த மலருக்குப் படம் எடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் சரவணன் தன் சின்ன மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தான். மெல்லப் பாடுவது கேட்டது. கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. சொற்கள் ஜோசப் அண்ணன் எழுதியவை. பாதை அக்காவுடையது. எங்கே இறங்குவாரோ அங்கே இறங்கி, எங்கே ஒரு சுரத்தில் நின்று எனக்காகக் காத்திருப்பாரோ அங்கே நின்றது.

அறை வாசலில் நின்று மெட்டை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். சரவணன் திகைத்துத் திரும்பினான். அவன் பாடிய பாட்டுக்கு மேலே இன்னொன்று உண்டு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் நிறுத்தவில்லை. என் மெட்டு அவனை இழுக்கவும் இல்லை. அக்காவைப்போலவே தன் வழியில் வந்தான். என் காதோரம் அந்த மூச்சு படுவது போலவே இருந்தது. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பாடினேன். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதை எடுத்தேன். அவன் நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல தெரியாதுங்க சின்னம்மா. இதுக்குள்ள நான் தூங்கிருவனுங்க."

மீதி இரண்டு சரணத்தையும் அக்கா தூங்கும் பிள்ளைக்குப் பாடியிருக்கிறார். அதைக் கேட்க வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

அக்காவின் கடைசி மாதங்களில் வாரம் தவறாமல் கஞ்சியோடு வந்து நின்ற காதர் அண்ணன் குடும்பத்தாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கொடிக்காலைத் தங்கள் சொந்தம்போல் காத்த பெண்களுக்கும், காவிரிக் கரை வரை கூட வந்த ஊராருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

நினைவு நாளன்று படையல் முடிந்ததும் நானும் சரவணனும் அந்தப் பாட்டைப் பாடுகிறோம். இந்த முறை அவன் மைக்குக்கு முன்னால் நிற்பான், நான் ஓரடி பின்னால் நிற்பேன். முதல் சரணத்தோடு நிறுத்திவிடுவோம். பாட்டு முடிந்துவிட்டது என்று யாரும் எழுந்துவிட வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். மீதி அக்காவுக்குத்தான் தெரியும்.