மாமன் மடியில் நின்ற மொட்டை

என் தங்கை மகளுக்கு இரண்டு வயது. மொட்டை போட தாய்மாமன் மடி வேண்டும். கூட்டம் என்றாலே கூசுகிறவன் நான். ஆனாலும் பெருங்களத்தூரில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன்.

குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. மொட்டை போடும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது என்று தங்கை வேண்டிக்கொண்டாள். முட்டையும் நின்றது. அடுத்தது வயிற்றில் இருந்ததால் தாய்ப்பால் முன்பே நின்றுவிட்டது. பால் சளி, பருப்பு மந்தம் என்றார்கள் அக்கம்பக்கத்தில். கஞ்சித் தண்ணியும் டீயில் நனைத்த பன்னும்தான். அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காமல் மொட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

"அம்மை வந்த புள்ள மாதிரியா கீது? கொழுகொழுன்னு ஆயிட்டா பாருண்ணா," என்று தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள்.

நாவிதர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். செம்பட்டை முடி விரலோடு கொத்தாக வந்தது.

"இன்னாங்க இது, நான் இன்னும் கத்தியே வைக்கலியே."

குழந்தை அழவில்லை.

"மாமன் மடி சொகமா கீது போல," என்று தங்கை வீட்டுக்காரர் சிரித்தார்.

திமிறும் என்று பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். கையை எடுத்தேன். என் கட்டைவிரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. மொட்டையை அப்படியே விட்டுத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம்.

"இது சதை இல்லம்மா, நீர்," என்றார் டாக்டரம்மா. "முட்டை, பால், பருப்பு எதுவுமே உள்ள போகல. அம்மைக்கு அப்புறம்தான் அதெல்லாம் அதிகமா வேணும்."

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. கன்னம் போய், விலா எலும்பு எண்ணும்படி ஆனது. தங்கை பையில் துணிகளை அடைத்தாள்.

"இங்க வந்துதாண்ணா கரைஞ்சி பூட்டா. வேண்டுதல பாதில வுட்டுட்டோம். வூட்டுக்குப் போலாம்."

எனக்குப் பேச வராது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வார்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மொட்டை என் மடிலதான் நின்னுச்சி. ஆத்தா கேக்கறதா இருந்தா என்னைக் கேக்கட்டும்."

அப்போது நர்சு வந்து ஊசி போட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அழுகையைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தங்கை பையைக் கீழே வைத்தாள்.

இப்போது வீட்டில் இருக்கிறது. நடக்க இன்னும் தெம்பு இல்லை. தலையில் பாதி வழுக்கை. தங்கை தினமும் முட்டை ஊட்டுகிறாள், சாமி படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு.