மடியில் ஒரு ரவுட்டர்

"கறுப்பு ஒயரைக் கழட்டிட்டியா? பத்து எண்ணு. அவசரப்படாத."

கண்ணை மூடிக்கொண்டு ஊரிலிருக்கும் மனைவியிடம் போனில் சொல்கிறார், இந்த வெளிநாட்டில் என் அறையில் தங்கியிருக்கும் லிஃப்ட் அண்ணன். அவர் மடியிலும் ஒரு ரவுட்டர். ஒயரெல்லாம் செருகியிருக்கும், ஆனால் மின்சாரமும் கிடையாது, இணைப்பும் கிடையாது. ஊரில் வீட்டில் இருப்பது எந்த மாடலோ அதையே தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். மனைவியின் விரல் அங்கே எந்தத் துளையைத் தடவுகிறதோ, இவர் விரல் இங்கே அதைத் தடவும். கை இரண்டும் அதில் இருப்பதால் போன் ஸ்பீக்கரில். நான் கேட்காதது போல் துணி மடிக்கிறேன்.

பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் கத்துகிறவர்களிடமும், "ஒண்ணும் ஆகாதுங்க, அப்படியே நில்லுங்க" என்று இதே குரலில்தான் சொல்வாராம். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் தூங்கமாட்டார்.

ஊரிலிருந்து அழைப்பு என்றாலே எனக்குப் பயம், யாருக்கு என்னவோ என்று. இவர் மட்டும் சிரித்த முகமாக எடுப்பார். விடுமுறை நாளானால் அவர் வீட்டு நெட் படுத்துவிடும். அண்ணி வீடியோ இல்லாத சாதாரண அழைப்பில் கூப்பிடுவார்.

"ஏண்ணே, வாரம் பூரா நல்லா ஓடுற நெட்டு, உங்களுக்கு லீவுன்னா மட்டும் மூக்கைச் சிந்துது?" என்பான் பக்கத்துக் கட்டில் சமையல்காரன்.

"போடா, உனக்கென்ன தெரியும். பழைய ஒயரு."

நெட் ஓடும் நாட்களையும் பார்த்திருக்கிறேன். திரை நிறைய அண்ணனின் அம்மா வருவார். மச்சான் வருவார். மகன் விழுந்த பல்லைக் காட்டுவான். அண்ணி மட்டும் வரமாட்டார். போனைப் பிடித்திருப்பது அவர்தானே. படத்தின் ஓரத்தில் கட்டைவிரல் தெரியும். அண்ணன் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு, "சாப்டாச்சும்மா, சாப்டாச்சு" என்பார்.

ஊர் வீட்டில் ரவுட்டர் இருப்பது உள்ளறை அலமாரிக்குப் பின்னால். ஷாக் அடிக்கும் என்று வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அப்படிப் பயம்காட்டி வைத்தவரே அண்ணன்தான்.

"எண்ணிட்டியா?"

"ஏழுலயே நிக்கிறேன்."

"ம். கை வலி?"

"அப்படியேதான். நீங்க ஏன் இருமுறீங்க?"

"ஏசி. எட்டு சொல்லிடாத."

அண்ணனின் விரல் மடியிலிருக்கும் ரவுட்டரின் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவுகிறது. பிறகு அண்ணி தாழ்ந்த குரலில், "மாட்டிட்டேன். எல்லா லைட்டும் எரியுது" என்கிறார்.

தூரத்திலிருந்து அம்மா: "வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல அத்தை!"

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. மடியிலிருக்கும் ரவுட்டரின் கறுப்பு ஒயரை மறுபடியும் சத்தமில்லாமல் உருவுகிறார்.